முதல் மூன்று நிமிடத்தில் யாருக்கு என்ன தெரியும்?

கட்டுக்கலை,
கண்டி.

அன்புள்ள மருமகனுக்கு,

உன் ஸ்கிரிப்டை முழுக்க வாசித்தேன். பன்னிரண்டு நிமிடப் படத்துக்குத் தொடக்கம் மட்டும் நாலரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரு கேள்வி: "மாமா, த்ரில்லர் படத்துக்கு ஓப்பனிங்கில் எந்த டெக்னிக் போட்டால் நல்லது?" உன் பட்டியல் நீளம்தான். கண்டிக் குளத்துக்கு மேலே ட்ரோன். சாய்ந்த கெமரா. சந்தையிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் வெட்டாமல் ஒரே ஷொட். 'நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு முன்' என்று திரையில் ஒரு வரி. வெள்ளை வான். மகாவலியில் மிதக்கும் சடலம். இத்தனைக்கும் மேலே கதாநாயகனின் குரல் வேறு, இந்த ஊருக்கு இரண்டு முகம் இருக்கிறது என்று.

கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஹந்தானைத் தோட்டத்து லயத்திலிருந்து டவுனில் புடவைக் கடைக்கு வேலைக்குப் போகிற பெண் ஒருநாள் பின்னேரம் வீடு திரும்பவில்லை. தம்பி தேடிப் புறப்படுகிறான். ஒரு சின்னப் படத்துக்கு இவ்வளவு போதும். ஆனால் அந்த நாலரைப் பக்கத்தில் அந்தப் பெண் எங்கே என்று நான்தான் தேடவேண்டியிருந்தது. கடத்தியவன் கை வைக்குமுன்பே உன் டெக்னிக்குகள் அவளைக் காணாமல் ஆக்கிவிட்டன.

அதனால் பட்டியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு எனக்கு ஒரு பதில் சொல். அவள் இன்றைக்கு வரமாட்டாள் என்பது முதலில் யாருக்குத் தெரியவேண்டும்? படம் பார்க்கிறவனுக்கா, தாய்க்கா, தம்பிக்கா, செய்தவனுக்கு மட்டுமா? இதை முடிவு செய்யாமல் லென்ஸைத் தொடாதே. முடிவு செய்துவிட்டாயானால் கெமராவை எங்கே வைப்பது, எப்போது வெட்டுவது, எந்தச் சத்தத்தை முன்னுக்குக் கொண்டுவருவது என்பதில் பாதிக்கு மேல் தானாகவே தீர்ந்துவிடும்.

நம் மொழியிலேயே இதற்கு அருமையான பாடம் ஒன்று இருக்கிறது. எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் ஏவி.எம். வெளியிட்ட 'அந்த நாள்'. பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்று மட்டும் அதைக் கேள்விப்பட்டிருப்பாய். அதன் தொடக்கத்தைப் போட்டுப் பார். படம் ஆரம்பித்த கையோடு துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் விழுந்து சாகிறார். 'பராசக்தி' வந்து இரண்டு வருடம்கூட ஆகாத காலம் அது. நாடே கொண்டாடிய நடிகரை முதல் காட்சியில் கொன்றுவிட்டுப் படத்தைத் தொடங்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஆனால் நான் சொல்லவந்தது துணிச்சலைப் பற்றி இல்லை. சுட்டது யார் என்று நமக்குக் காட்டப்படவில்லை. விசாரிக்க வருகிற சி.ஐ.டி. அதிகாரிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும். அந்த அதிகாரியாக நடித்த ஜாவர் சீதாராமன்தான் திரைக்கதையை எழுதியவரும். பார்ப்பவனையும் அதிகாரியையும் ஒரே படியில் நிறுத்திவிட்டதால், பிறகு ஒவ்வொரு சாட்சியும் தன் பங்குக்குக் கதை சொல்லும்போது நாமும் அதிகாரியோடு சேர்ந்து நம்புகிறோம், பிறகு சந்தேகப்படுகிறோம். அந்த முதல் வெடியில் படத்தின் முழு அமைப்பும் இருக்கிறது. கெமராவை அங்கே கொஞ்சம் திருப்பிச் சுட்டவரின் முகத்தைக் காட்டியிருந்தால் மிச்சப் படமே இல்லை.

அதே பாலசந்தர் பத்து வருடம் கழித்து, 1964இல், நேர் எதிராக ஒன்று செய்தார். 'பொம்மை' படத்தில் ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு இருக்கிறது. அது நமக்குத் தெரியும். பொம்மையைக் கையில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது. அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. இங்கே வேகமான வெட்டோ சாய்ந்த கெமராவோ தேவைப்படவில்லை. சாதாரணமாக ஒரு குழந்தை பொம்மையைத் தூக்கினாலே போதும், நமக்கு வயிற்றைக் கலக்கும். ஹிட்ச்கொக் 1936இல் 'சபொடாஜ்' படத்தில் ஒரு சிறுவனின் கையில் குண்டுப் பொதியைக் கொடுத்து லண்டன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்; கடைசியில் அதை வெடிக்கவும் வைத்தார். பார்ப்பவனை அவ்வளவு நேரம் பதறவைத்துவிட்டுப் பையனைக் கொன்றது தவறு என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். பாலசந்தர் அந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டவர் என்று எனக்குப் படும். வீணையில் அவ்வளவு பேர் எடுத்த மனிதருக்கு எவ்வளவு நேரம் நரம்பை இழுத்துப் பிடிக்கலாம் என்பது தெரியாமலா இருக்கும்?

நீ ஆசைப்படுகிற ஒரே ஷொட்டுக்கு வருகிறேன். உன் மனதில் இருப்பது ஓர்சன் வெல்ஸின் 'டச் ஒஃப் ஈவில்' என்று தெரியும்; 1958. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வெட்டில்லாமல் ஓடும் தொடக்கம், எல்லைப்புற ஊரில் இரவுநேரம். சினிமா வகுப்புகளில் அதைப் போட்டுக்காட்டி கிரேனைப் பற்றியே பேசுவார்கள். கிரேனை மறந்துவிட்டு முதல் சில விநாடிகளைப் பார். ஒரு கை வெடிகுண்டின் நேரத்தைத் திருகுகிறது. அதைக் காரின் பின்பெட்டியில் வைக்கிறது. காருக்குள் ஆணும் பெண்ணும் ஏறிப் புறப்படுகிறார்கள். அதற்குப்பின் கெமரா எங்கே போனாலும் நாம் அந்தக் காரைத்தான் தேடிக்கொண்டிருப்போம். வெட்டாமல் ஓடும் ஷொட்டின் வேலை, அந்தக் குண்டுக்கு ஓடும் நேரத்தை நமக்கும் ஓடவைப்பது. உன் ஸ்கிரிப்டில் சந்தையிலிருந்து ரயில் நிலையம் வரை கெமரா நடக்கிறது, தம்பி நடக்கிறான், கொய்யாப்பழம் விற்கிறவர் தெரிகிறார், லொத்தர் விற்கிறவர் தெரிகிறார். குண்டு எங்கே? அது இல்லாவிட்டால் அது வெறும் நடை. அத்தோடு சந்தைக்குள் உன் கெமராவை உற்றுப் பார்க்காமல் யார் போவார்?

இனி உன் கதைக்கே வருவோம். உன் ஸ்கிரிப்டின் மூன்றாம் பக்கத்தில், நீயே கவனிக்காமல், தங்கக் கட்டி ஒன்றைப் போட்டிருக்கிறாய்: "தூரத்தில் சூன் பாண் ஆட்டோவின் சத்தம்." அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதுகிறேன்.

பின்னேரம் ஐந்தரைக்குப் பாண் ஆட்டோ வருவது நமக்கு எவ்வளவு சாதாரணம்! கண்ணாடிப் பெட்டிக்குள் றோஸ் பாண், கிம்புலா பனிஸ், மாலு பாண். ஸ்பீக்கரில் பீத்தோவனின் 'ஃபூர் எலிஸ்'. பீத்தோவன் அதை 1810இல் எழுதினாராம், அச்சேறியது 1867இல். அதே வருடம்தான் கண்டிக்கு ரயிலும் வந்தது. இது ஒன்றுக்கும் உதவாத ஒற்றுமை, சும்மா சொன்னேன். உதவுகிற விஷயம் வேறு. மலைப்பாதையில் அந்த இசை நேர்கோட்டில் நெருங்கிவராது. ஒரு வளைவில் கேட்கும், மலை மறைத்ததும் அமுங்கும், அடுத்த வளைவில் இன்னும் கிட்டக் கேட்கும். சமதரையில் இருக்கிற ஊரில் படம் எடுப்பவன் இதற்காகக் கணினியில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவேண்டும். உனக்கு ஹந்தானை ரோட்டே அதைச் செய்து தருகிறது.

ஃப்ரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த 'எம்' படத்தைத் தேடிப் பார். ஜெர்மன் படம், பேசும் படம் வந்த புதிது. தொடக்கத்தில் ஒரு தாய் மகளுக்குச் சாப்பாட்டு மேசையை ஒழுங்குபடுத்துகிறாள். மணி அடிக்கிறது. மகள் வரவில்லை. தாய் மாடிப்படியில் கூப்பிடுகிறாள். வெறுமையான படிக்கட்டு, துணி காயும் பரண், தொடாத கோப்பை. பிறகு ஒரு பந்து புல்லில் உருண்டு வந்து நிற்கிறது. ஒரு பலூன் கம்பியில் சிக்கி ஆடுகிறது. கொலையைக் காட்டவே இல்லை. கொலைகாரனின் முகத்தையும் காட்டவில்லை. அவன் விசிலடிக்கிற ஒரு மெட்டு மட்டும் கேட்கிறது. பின்னால் அதே மெட்டை ஒரு குருடர் அடையாளம் கண்டுபிடிக்கிறார். நடித்த பீட்டர் லோரிக்கு விசிலடிக்கத் தெரியாததால் லாங்கே அடித்தார் என்பார்கள். இந்தத் தொடக்கத்துக்கு ஆகிற செலவு என்ன? ஒரு வீடு, ஒரு தாய், சில வெற்றிடங்கள், ஒரு மெட்டு. உன்னிடம் இவை எல்லாமே இருக்கின்றன.

இப்போது என் கேள்வியை உன் காட்சியில் வைத்துப் பார். தாய் லயத்து வாசலில் நிற்கிறாள். மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி வளைவில் பாண் ஆட்டோவை மறித்துத் தம்பிக்குக் கிம்புலா பனிஸ் வாங்கிக்கொண்டு வருவது வழக்கம். இன்றைக்கு இசை முதல் வளைவில் கேட்கிறது, மறைகிறது, இரண்டாம் வளைவில் கேட்கிறது, மெட்டின் நடுவில் நிற்கிறது. திரும்ப ஆரம்பிக்கவில்லை.

யாருக்கும் எதுவும் தெரியாது என்று நீ முடிவுசெய்தால், கெமரா தாயோடு வாசலிலேயே இருக்கவேண்டும். வளைவுக்குப் போகக்கூடாது. போனால் பொய். அவள் முகத்துக்குக் கிட்டேயும் போகாதே. நடுத்தர தூரத்தில் வை, அவளுக்குப் பின்னால் ரோடு தெரியட்டும், கொஞ்சம் மங்கலாக. இசை நின்ற பிறகு எவ்வளவு நேரம் வெட்டாமல் இருக்கிறாய் என்பதில்தான் உன் திறமை இருக்கிறது. அவள் முதலில் கவனிக்கவே கூடாது. அரிசி புடைத்துக்கொண்டிருக்கட்டும். நாம் முதலில் கவனிக்கவேண்டும், பிறகு அவள் கை நிற்கவேண்டும். அந்த இடைவெளி சில விநாடிதான். ஆனால் அந்தச் சில விநாடி பார்ப்பவன் அவளுக்கு முன்னால் போய்விட்டான்; அவளைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் போலிருக்கும்.

பார்ப்பவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்தால் எல்லாம் மாறும். அப்போது முதல் ஷொட் டவுனில். பாண் ஆட்டோவில் ஓட்டுபவனைத் தவிர இன்னொருவன் ஏறி உட்காருகிறான். அவ்வளவுதான், முகம் வேண்டாம், சாரத்தின் கரையும் செருப்பும் போதும். அதன்பின் ஒவ்வொரு வளைவிலும் இசை நெருங்க நெருங்க நமக்கு மட்டும் பதற்றம், தாய்க்கு அது தினசரிச் சந்தோஷம். இங்கே நீ தாராளமாக வெட்டலாம்: ஆட்டோ, தாய், பஸ்ஸில் வருகிற மகள், மறுபடி ஆட்டோ. இந்த வகைக்குக் குறுக்கு வெட்டு நல்லது. முந்தின வகைக்கு அது விஷம்.

மூன்றாவது வழி தம்பிக்குத் தெரியும் என்று வைப்பது. அவன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். இசை நின்றதும் தாய் நிமிர்ந்து பார்க்கிறாள், அவன் பார்க்கவில்லை. வேறொன்றும் செய்யவேண்டாம். நடிகனின் கழுத்து திரும்பவில்லை என்பதே உன் டெக்னிக். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. உன் கதையில் தம்பி கடன் வாங்கிய விஷயம் எட்டாம் பக்கத்தில்தான் வருகிறது. அதற்கான விதையைப் பேச்சே இல்லாமல் முதல் நிமிடத்தில் போட்டுவிடலாம். ஆனால் படம் உன்னுடையது, முடிவும் உன்னுடையது. மூன்றையும் கலக்காதே, அவ்வளவுதான் என் நிபந்தனை.

வெள்ளை வானைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லவேண்டியிருக்கிறது. வேறு நாட்டில் வெள்ளை வான் என்றால் ஒரு வாகனம். நம் நாட்டில் அது அப்படியல்ல. வீட்டு வாசலில் வந்து நின்ற வெள்ளை வானில் ஏற்றப்பட்டுத் திரும்பாதவர்களின் தாய்மார் இன்றைக்கும் புகைப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் படத்தில் அது வந்து நின்ற கணமே பார்ப்பவன் புடவைக் கடைப் பெண்ணின் கதையை விட்டு வேறொரு கதைக்குள் போய்விடுவான். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறாய் என்றால் சொல், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் பயமூட்டுவதற்கு ஒரு பொருள் என்று அதை எடுக்காதே. மகாவலியில் சடலமும் அதே மாதிரி. 1988, 89 காலத்தில் அந்த ஆற்றில் உண்மையாகவே சடலங்கள் மிதந்தன. கட்டுகஸ்தோட்டைப் பக்கம், பேராதனைப் பக்கம் அவற்றைக் கண்ணால் கண்டவர்கள் உன் படத்தைப் பார்க்க வரக்கூடும். அவர்களுக்கு அது சினிமா ஷொட் அல்ல. பெரஹராவில் சாட்டை அடிக்கிற சத்தத்துக்குள் துப்பாக்கிச் சத்தத்தை ஒளிக்கலாமா என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறாய். யோசனை கெட்டித்தனமானது. ஆனாலும் விடு. இன்னொருவரின் புனித ஊர்வலத்தில் கொலையைக் கொண்டுபோய் வைப்பதற்கு, கதையில் அதைவிட வழியே இல்லை என்ற நிலை வேண்டும். உன் கதையில் அந்த நிலை இல்லை.

ட்ரோன் விஷயம். சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி இல்லாமல் அதைப் பறக்கவிடாதே. குளத்துக்கு மேலே என்றால் தலதா மாளிகைக்குப் பக்கத்தில் என்று அர்த்தம். 1998 ஜனவரியில் குண்டு வெடித்த இடம் அது, அங்கே உன் கெமராவை யாரும் விளையாட்டாகப் பார்க்கமாட்டார்கள். அனுமதி கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். மேலிருந்து பார்த்தால் கண்டி அழகு. அழகு உன் படத்துக்கு எதிரி. உயரத்திலிருந்து தொடங்குவது தப்பென்று சொல்லவில்லை. 'சைக்கோ' 1960இல் அப்படித்தான் தொடங்குகிறது: ஃபீனிக்ஸ் நகரத்துக் கட்டடங்கள், பிறகு பாதி இறக்கிய திரைக்குக் கீழாகக் கெமரா ஒரு ஜன்னலுக்குள் நுழைகிறது. ஊரைக் காட்டுவதற்காக அல்ல, நம்மை எட்டிப்பார்ப்பவர்களாக ஆக்குவதற்காக. திரையில் எழுத்தும் வரும்: வெள்ளிக்கிழமை, டிசம்பர் 11, பிற்பகல் 2.43. அந்த நுணுக்கத்துக்கு வேலை இருக்கிறது. ஜன்னலுக்குள் இருப்பவர்கள் பகல் உணவு நேரத்தில் ஹோட்டல் அறையில் ஒளிந்து சந்திக்கும் ஓர் ஆணும் பெண்ணும். அன்று பின்னேரம் வங்கியில் போடவேண்டிய பணத்தோடு அவள் ஓடுகிறாள். திங்கட்கிழமை வரை யாருக்கும் தெரியவராது. உன் 'நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு முன்' என்ற வரி அப்படி எதையும் சுமக்கவில்லை. 'காக்க காக்க' 2003இல் நாயகன் சுடப்பட்டு விழுவதைக் காட்டிவிட்டுப் பின்னோக்கிப் போனது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்த வழியை நடந்து நடந்து பள்ளமாக்கிவிட்டார்கள். உன் அந்த வரியை வெட்டிவிடு. பின்னணிக் குரலையும் வெட்டிவிடு. தெரிகிறதைத்தான் அது திரும்பச் சொல்கிறது.

பணமில்லாமல் நல்ல தொடக்கம் வேண்டுமானால் மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' பார், 2013. இரவு, ரோட்டில் குண்டடிபட்டுக் கிடக்கும் ஒருவன், வழியில் வருகிற மருத்துவ மாணவன். அவ்வளவுதான் கையிருப்பு. யார் இவன் என்று மாணவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது, ஆனாலும் தூக்கவேண்டும்.

மழை வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கண்டிக்கு வந்தபோது டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' படப்பிடிப்பைப் பார்த்ததையும், லீன் மழை என்று கத்தியதும் மழை பெய்ததையும், அன்றைக்கே தானும் இயக்குநராவதென்று நினைத்ததையும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன்தான் 1980இல் 'மூடுபனி' எடுத்தான். தமிழில் கொலைகாரனின் மனதுக்குள் போன முக்கியமான த்ரில்லர், இளையராஜாவுக்கு நூறாவது படம். கித்துல்கலவில் கட்டிய லீனின் பாலத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். நீ அந்தப் படத்தின் தொடக்கத்தைப் பார். வானத்தில் ஒரு பறவை, கீழே காடு, தண்டவாளத்தோரம் வரிசையாகப் புதைகுழிச் சிலுவைகள், அதற்குப் பிறகுதான் கைதிகளை ஏற்றிய ரயில் வருகிறது. ரயிலுக்குள் இருப்பவர்களுக்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வசனம் இல்லை.

மழைக்குத் திரும்புகிறேன். நிஜ மழை கெமராவில் சரியாகத் தெரியாது. முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் துளிகள் மறைந்து படம் சாம்பல் நிறமாகிவிடும். வெளிச்சம் மழைக்குப் பின்னால், கெமராவைப் பார்த்து இருக்கவேண்டும். பின்னணி இருட்டாக இருக்கவேண்டும். ஒரு ஆட்டோவின் ஹெட்லைட் போதும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு மழை வருவது கண்டியில் வழக்கம், ஆனால் தகரக் கூரைக்குக் கீழே மழையில் வசனம் பதியலாம் என்று நினைக்காதே. ஒரு வார்த்தையும் மிஞ்சாது. மழைச் சத்தத்தைத் தனியாகப் பதிந்துகொள். அதேபோல் லயத்து வாசலில் யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் வெறும் சூழலைப் பதிந்துகொள். இசை நின்ற பிறகு வரும் மௌனம் வெறும் பூச்சியமாக இருக்கக்கூடாது. தூரத்துக் குழாய்த் தண்ணீர், ஒரு நாய், யார் வீட்டிலோ ரேடியோ, இவை அதில் இருக்கவேண்டும். பாண் ஆட்டோவின் இசையையும் இணையத்திலிருந்து எடுக்காதே. பீத்தோவனுக்கு உரிமைப்பணம் கொடுக்கவேண்டியதில்லை, ஆனால் வாசித்தவரின் ஒலிப்பதிவுக்கு உரிமை இருக்கும். அதைவிட, வளைவில் நின்று உண்மையான ஆட்டோ வருவதைப் பதிந்தால் அந்த ஸ்பீக்கரின் கரகரப்பும் கிடைக்கும்.

வெளிச்சத்துக்கும் ஒரு கணக்கு. நம் ஊரில் சூரியன் மறைந்தால் இருபது நிமிடத்துக்குள் நீல வெளிச்சம் போய்விடும். மலை மறைக்கிற இடத்தில் இன்னும் சீக்கிரம். தாயின் காட்சியை ஒரே பின்னேரத்தில் முடிக்கமுடியாது. சில நாட்கள் அதே நேரத்துக்குப் போய் ஒவ்வொரு ஷொட்டாக எடு. அதே சேலை, அதே முறம். வீட்டுக்குள் டியூப் லைட் இருந்தால் கவனம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், போன் கெமரா பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃப்ரேமில் நிற்கும், படம் மினுங்கும். 25 ஃப்ரேம், ஷட்டர் 50இல் ஒன்று என்று வைத்துப் பூட்டிவிடு. ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டு. தாய் கையை நிறுத்துகிற கணத்தில் போன் தானாக ஃபோகஸ் தேடினால் அந்த ஷொட் செத்தது.

இடங்களை ஒட்டவைப்பதில் பயப்படாதே. 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' படத்தின் கயிற்றுப் பாலம் நம் விக்டோரியா அணைக்கட்டுப் பக்கம் கட்டியது. அறுந்து தொங்கும் பாலத்தில் ஆட்கள் சண்டை பிடிப்பதைக் கிட்டத்தில் காட்டும் ஷொட்டுகள் இங்கிலாந்து ஸ்டூடியோவில் எடுத்தவை. 1984இல் பார்த்தவர்கள் யாரும் தையலைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் உன் படத்தை முதலில் பார்க்கப்போவது கண்டிக்காரர்கள். கட்டுகஸ்தோட்டை பஸ் கட்டம்பேயால் போனால் கொட்டகையே சிரிக்கும். த்ரில்லர் அதோடு முடிந்தது. அதனால் பஸ் ஷொட்டில் பெயர்ப்பலகை தெரியாமல் எடு, அல்லது உண்மையான பஸ்ஸிலேயே எடு. ரயில் நிலையக் காட்சியை வைத்துக்கொள்வதானால் ரயில்வே திணைக்களத்துக்கு முன்கூட்டியே எழுதவேண்டும். தோட்டத்தில் எடுப்பதற்கும் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள். லயத்து ஆட்களிடம் அதற்கு முன்னால் கேள்.

நாலரைப் பக்கத்தை ஒன்றேகால் பக்கமாகக் குறைத்து எழுது. மேல் ஓரத்தில் 'இந்தக் காட்சியில் தெரிந்தவர்', 'தெரியாதவர்' என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் பிறகு ஷொட்டுகளைப் பிரி. எடுத்து வெட்டியதும் பின்னணி இசை ஒன்றும் சேர்க்காமல் முதல் மூன்று நிமிடத்தை எனக்குக் கொண்டுவந்து காட்டு. உன் அத்தையையும் பக்கத்தில் உட்காரவைக்கிறேன். பாண் ஆட்டோ நின்றதும் "என்ன, சத்தத்தைக் காணோம்?" என்று அவள் கேட்டால் மிச்சத்தையும் எடு. கேட்காவிட்டால் அந்த மூன்று நிமிடத்தைத் திரும்ப எடு.

அன்புடன்,
மாமா